அம்மா மருத்துவமனையில் படுத்ததே இல்லை. கிருமிக்கு இவ்வளவு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

#1 தூக்கணாங்குருவி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. பத்துப் பன்னிரண்டு நாளாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டியிருக்கிறது. டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்த மாத்திரை ஐந்து நாளாகியும் கேட்கவில்லை. கல்ச்சர் எடுக்கச் சொன்னார். நேற்று ரிப்போர்ட் வந்தது.

மேலே ஈ.கோலை என்று கிருமியின் பெயர். கீழே பதினாறு மருந்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது என்று லேபில் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுக்கு ஆர். கடைசி வரியில் 'இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். என்னைப் பெற்றதற்கு அப்புறம் அம்மா மருத்துவமனையில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் மாத்திரை வேண்டாம் என்பவர். கடந்த நான்கைந்து வருடத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதே இரண்டு தடவைதான் இருக்கும். பதினொரு மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி அவர் உடம்புக்குள் எப்படி வந்தது? நேற்று ராத்திரி முழுக்கத் தேடினேன். ஆற்றுத் தண்ணீர், மண், சாக்கடை என்று எங்கெங்கோ போகிறது. தெரிந்தவர்கள் விளக்குங்கள். சிகிச்சை பற்றிக் கேட்கவில்லை, அதை டாக்டர் பார்த்துக்கொள்கிறார்.

#2 நிலாமுற்றம்

அம்மா சீக்கிரம் குணமாகட்டும். அந்த இரண்டு தடவை சாப்பிட்டதிலேயே உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

#3 அகார்த்தட்டு

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 19 வருடமாக இருக்கிறேன். குருவித் தம்பி காட்டும் மாதிரி ரிப்போர்ட்டில் தினமும் கையெழுத்துப் போடுபவள்தான் நான்.

நிலாமுற்றம், உடம்பு பழகுவதில்லை. இது நிறையப் பேர் நம்பும் விஷயம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு மனிதருக்கு வருவதில்லை, பாக்டீரியாவுக்கு வருகிறது. ஆன்டிபயாடிக்கைத் தொடவே தொடாத ஒருவருக்கும் எதிர்ப்புள்ள கிருமி வரலாம், ஏனென்றால் அந்தக் கிருமி வேறெங்கோ அதைப் பெற்றுக்கொண்டு வந்திருக்கும்.

அந்த எஸ், ஆர் எப்படி வருகிறது என்று சொன்னால் மற்றது எளிதாகப் புரியும். உள்ளங்கை அளவு வட்டத்தட்டில் வெளிர்மஞ்சளாக ஜெல்லி மாதிரி அகார் இருக்கும். நோயாளியின் கிருமியைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தட்டு முழுக்கத் தடவுவோம். அதன்மேல் மருந்து ஊறிய காகித வில்லைகள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஓர் இரவு 35 டிகிரிச் சூட்டில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால், தட்டு முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி கிருமி வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். இ.எஸ்.பி.எல். கிருமி என்றால் செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக் வகை வில்லைகளின் விளிம்பு வரை கிருமி ஏறி நிற்கும். பக்கத்தில், கிருமியின் அந்த எதிர்ப்பை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் வைத்த வில்லை இருந்தால், அந்தப் பக்கம் மட்டும் தெளிவு நீண்டு சாவித்துவாரம் போலத் தெரியும். அந்த உருவம் தெரிந்தாலே மனசு கனத்துப் போகும், அடுத்து எந்த மருந்து மிச்சமிருக்கிறது என்று பார்க்கத் தொடங்குவோம்.

இ.எஸ்.பி.எல். என்பது ஒரு நொதி. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை வெட்டிப் போடும். உலகம் முழுக்க இன்று அதிகம் காணப்படுவது சி.டி.எக்ஸ்-எம் என்ற வகை. அதன் மரபணு முதலில் ஈ.கோலையிடம் இருந்ததில்லை. குளூய்வேரா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. மண்ணிலும் தண்ணீரிலும் கழிவிலும் கிடக்கும், மனிதருக்கு அபூர்வமாகத்தான் நோய் தரும். அதன் குரோமோசோமில் இருந்த மரபணு எப்போதோ பிளாஸ்மிட்டுக்குத் தாவி, அங்கிருந்து ஈ.கோலைக்கு வந்தது.

பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகச் சுற்றும் சின்ன டி.என்.ஏ. வளையம். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அதன் நகல் போய்விடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருக்கும். 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்த்தபோதுதான் இது முதலில் பிடிபட்டது. ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வரவில்லை, ஒரு மூட்டையாகக் கைமாறியது. உங்கள் அம்மாவின் பதினொரு ஆர் எழுத்துகளும் பெரும்பாலும் அப்படி வந்த மூட்டைதான்.

அம்மாவின் சிறுநீர்ப்பைக்கு வந்தது அவர் குடலில் ஏற்கெனவே குடியிருந்த ஈ.கோலையாகத்தான் இருக்கும். குடலில் இருந்தபோது எந்தத் தொந்தரவும் தந்திருக்காது. அது எப்போது குடலுக்கு வந்தது, தண்ணீரிலா, உணவிலா, இன்னொருவர் கையிலிருந்தா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போனவர்களைக் கிளம்புவதற்கு முன்னும் திரும்பிய பின்னும் சோதித்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. போகும்போது இ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதவர்கள் 1,847 பேர். திரும்பும்போது 633 பேர் குடலில் அது இருந்தது. தெற்காசியா போய் வந்தவர்களில் நாலில் மூன்று பேர். அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் இல்லை. சாப்பிட்டார்கள், குடித்தார்கள், திரும்பினார்கள், அவ்வளவுதான்.

#4 தூக்கணாங்குருவி

அக்கா, இதை மூன்று தடவை படித்தேன். டாக்டரிடம் கேட்க நேரமே கிடைக்காத விஷயம் இது. மிக்க நன்றி.

#5 கேள்விக்குறி

ஓர் இடத்தில் தடுக்குகிறது. மண்ணில் கிடக்கும் குளூய்வேரா எந்த மருந்துக் கடைக்குப் போனது? மருந்தையே பார்க்காத கிருமிக்கு மருந்தை வெட்டும் நொதி எதற்கு? இதில் ஏதோ விட்டுப்போகிறது.

#6 அகார்த்தட்டு

நல்ல கேள்வி. மருந்தே மண்ணிலிருந்துதான் வந்தது.

முதல் மழையில் மண்வாசனை வருமே, அதைத் தருவது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியாக்கள். 1943-ல் அமெரிக்க மண் நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் அந்தக் குடும்பத்திலிருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார், காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், வான்கோமைசின் எல்லாமே மண்ணில் வாழும் அதே பெரிய கூட்டத்தின் சரக்குதான். மண்ணில் ஒரு கிருமி இன்னொன்றின் மேல் இதைப் பிரயோகித்துக்கொண்டே இருக்கிறது. செய்கிற கிருமி தன் விஷத்தால் தானே சாகாமலிருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதும் பிழைக்க வேண்டும். எதிர்ப்பு அங்கே பிறந்தது.

எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 வருடமாக உறைந்து கிடந்த மண்ணில் வான்கோமைசின், டெட்ராசைக்ளின், பென்சிலின் வகைகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன. 2011-ல் வந்த ஆய்வு. அடுத்த வருடம் நியூ மெக்சிகோவின் லெச்சுகியா குகை. 40 லட்சம் வருடமாக வெளியுலகத் தொடர்பே இல்லாத அந்தப் பாறைகளில் எடுத்த சில பாக்டீரியாக்கள் பதினான்கு மருந்துகள் வரை எதிர்த்தன.

அப்புறம் முள்ளெலி. எனக்குப் பிடித்த கதை. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் ஒரு பூஞ்சை வாழ்கிறது, பென்சிலின் வகைப் பொருளைச் சுரக்கும். அதே தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் அதைத் தாங்க வழி கண்டுபிடித்தது. இன்று எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ்) என்று நாம் பயப்படும் கிருமியின் ஒரு கிளை, 1800-களின் தொடக்கத்திலேயே முள்ளெலிகளிடம் உருவாகிவிட்டது என்று 2022-ல் மரபணு ஆய்வில் தெரிந்தது. மெத்திசிலின் மருந்து வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்.

இன்னும் ஒன்று. பென்சிலினை அழிக்கும் நொதியைப் பற்றி ஆபிரகாம், செயின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதியது 1940 டிசம்பரில். ஆக்ஸ்ஃபோர்டில் அவர்கள் குழு அந்தப் பென்சிலினை முதல் நோயாளிக்குச் சிகிச்சையாக ஏற்றியது 1941 பிப்ரவரியில். எந்தக் கிருமியில் அந்த நொதியைக் கண்டார்கள் தெரியுமா? ஈ.கோலையில்.

#7 கேள்விக்குறி

அப்படியானால் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். 30,000 வருடமாக இருக்கிறது, 40 லட்சம் வருடமாக இருக்கிறது. இயற்கையின் சங்கதி. இதில் மனிதன் மேல் ஏன் பழி போட வேண்டும்? நாம் மருந்தை நிறுத்தினாலும் முள்ளெலி நிறுத்தப்போவதில்லையே.

#8 அகார்த்தட்டு

இருப்பதற்கும் பரவுவதற்கும் உள்ள தூரம்தான் நம் பங்கு. இதற்கும் கையில் சாட்சி இருக்கிறது. 1917 முதல் 1954 வரை பல நாடுகளில் நோயாளிகளிடமிருந்து எடுத்த குடல் பாக்டீரியாக்களை முர்ரே என்ற மருத்துவர் சேகரித்து வைத்திருந்தார். 1983-ல் அவற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட்கள் இன்றைக்கு இருக்கிற மாதிரியே தாராளமாக இருந்தன. அவற்றில் எதிர்ப்பு மரபணுக்கள் இல்லை. வண்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சரக்கு ஏறவில்லை. முப்பது நாற்பது வருடத்தில் சரக்கு ஏறியது. குகைக்குள் கிடந்ததை ஏற்றிக் குடலுக்குள் கொண்டு வந்தது முள்ளெலி இல்லை.

#9 மட்டுறுத்துநர்

மருந்துப் பெயர் சொல்லி 'இதைச் சாப்பிடுங்கள்' என்று எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#10 கசடுத்தொட்டி

சரக்கு ஏறும் இடங்களில் ஒன்றில்தான் நான் வேலை பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளர்.

காற்றூட்டும் தொட்டி பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? காபி நிறத்தில் தண்ணீர் அடியிலிருந்து குமிழியிட்டுக் கொதிக்கிற மாதிரிப் புரளும். மேலே பழுப்பு நுரை. அந்த நிறமே பாக்டீரியாதான். கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது அவைதான், நாங்கள் அவற்றைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம். அதே தொட்டிக்குள் வீடுகளின் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை, மருத்துவமனையிலிருந்து வரும் கிருமிகள், மனிதர் சாப்பிட்டுச் செரிக்காமல் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து எல்லாம் வந்து விழுகின்றன. சாப்பிடும் ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு உடம்பைத் தாண்டி அப்படியே வெளியே வந்துவிடும். நெருக்கமான கூட்டம், நிறைய உணவு, கொஞ்சம் மருந்து. பிளாஸ்மிட் கைமாற இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

நிலையம் வீண் என்று சொல்லவில்லை. ஒழுங்காக ஓடும் நிலையம் மலக்கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைத்துவிடும். அது இல்லாத இடத்தில் எல்லாமே நேராக ஆற்றுக்குப் போகிறது. ஆனால் எங்கள் அறிக்கைப் படிவத்தில் தண்ணீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், பி.எச். எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஆன்டிபயாடிக்குக் கட்டம் இல்லை. எதிர்ப்பு மரபணுவுக்கும் இல்லை. பதினான்கு வருடமாக அந்தப் படிவத்தை நிரப்புகிறேன். அளக்காத ஒன்றைக் குறைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை.

தொழிற்சாலைக் கழிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹைதராபாத் அருகே படான்செருவில் சுமார் 90 மருந்து உற்பத்தி ஆலைகளின் கழிவைச் சுத்தம் செய்யும் பொது நிலையம் ஒன்று. அதிலிருந்து வெளியேறும் நீரை ஸ்வீடனைச் சேர்ந்த ஜோகிம் லார்சன் குழு பரிசோதித்து 2007-ல் வெளியிட்டது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். அந்த மாத்திரையில் வழக்கமான ஒன்றை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் உச்சத்தில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் இருக்கும். சுத்திகரித்த பின் ஓடும் நீரில் அதைப் போலப் பத்து மடங்கு. முதல் முறை படித்தபோது தசமப் புள்ளி தவறோ என்று நினைத்தேன். மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் தந்தது 2024 செப்டம்பரில். நடுவில் பதினேழு வருடம்.

#11 கேள்விக்குறி

படான்செரு கணக்கு அதிர்ச்சியாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஆலை வாசல். சாதாரண ஆற்றில் ஒரு லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தானே இருக்கும்? அந்த அளவு எந்தக் கிருமியையும் கொல்லாதே. கொல்லாத மருந்து எப்படி எதிர்ப்பை வளர்க்கும்?

#12 கசடுத்தொட்டி

கொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் தடுமாற வைத்தாலே போதும். எதிர்ப்புள்ள கிருமியும் இல்லாத கிருமியும் ஒரே இடத்தில் வளரும்போது, சின்ன அளவு மருந்து எதிர்ப்பில்லாததை மட்டும் துளி மெதுவாக்கும். நூறு தலைமுறை போனால் கூட்டமே மாறிவிடும், பாக்டீரியாவுக்கு அது சில நாள் வேலை. ஸ்வீடனின் உப்சாலாவில் 2011-ல் இதை அளந்தார்கள். வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் அளவில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான சிப்ரோஃப்ளாக்சசினிலேயே எதிர்ப்புக் கிருமி முந்திக்கொண்டது.

#13 மேய்ச்சல்நிலம்

கால்நடை மருத்துவர். எங்கள் துறையின் பங்கை நானே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

நோயில்லாத விலங்குகளுக்குத் தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீக்கிரம் எடை கூடும் என்று 1940-களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் பல நாடுகளில் பல்லாயிரம் டன் அப்படியே போனது. கசடுத்தொட்டி சார் சொன்ன 'கொஞ்சம் தடுமாற வைக்கும்' அளவு இதுதான். சாணமும் கோழி எருவும் வயலுக்குப் போகின்றன, மழை அதை வாய்க்காலில் இறக்குகிறது. தீவனத்தில் கலக்கும் தாமிரமும் துத்தநாகமும்கூட இதில் சேரும். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தால், உலோகமே இரண்டையும் காப்பாற்றிவிடும்.

கோலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனிதருக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள், நாங்கள் விலங்குகளுக்கு அள்ளிக் கொடுத்தோம். மற்ற மருந்துகள் தோற்றபின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கடைசிக் கைத்துணையாக மறுபடி கோலிஸ்டினைத் தேடி வந்தன. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது. பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் எம்.சி.ஆர்-1 என்ற கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணு, அதுவும் பிளாஸ்மிட்டில். அந்தக் கட்டுரையை இரவு பதினொரு மணிக்குப் படித்தேன், தூக்கம் வரவில்லை. என் கையால் எத்தனை பண்ணைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

நம்பிக்கை தருவதும் இருக்கிறது. வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017-ல் தடை செய்தது. சில வருடத்திலேயே பன்றிகளிலும் மனிதர்களிலும் அந்த எதிர்ப்பு குறைந்தது. இந்தியா 2019-ல் உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாடிக்கும் கூடாது என்றது. நிறுத்தினால் பலன் தெரிகிறது.

#14 நிலாமுற்றம்

டாக்டர், இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. உடம்பு பழகும் என்று எழுதியவள் நான். வீட்டில் எல்லோருக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

#15 இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எல்லோரும் ஆறு, வயல் என்கிறீர்கள். எங்களுக்குச் சுற்றுச்சூழல் என்பது கை கழுவும் தொட்டி.

ஐந்தாறு வருடம் முன் எங்கள் பிரிவில் ஒரே மாதிரி சூடோமோனாஸ் கிருமி, மூன்று மாதத்தில் நாலு நோயாளிகளிடம். எல்லாக் கல்ச்சரிலும் ஒரே ஆர் வரிசை. கையுறை, வென்டிலேட்டர் குழாய், தரை துடைக்கும் நீர் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் தொட்டியின் வடிகால் துளைக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார். குச்சி முழுக்கக் கறுத்த வழவழப்பு, விரலில் தொட்டால் இழுபடும் பசை மாதிரி. அதில் அதே கிருமி.

ஏன் அங்கே வளர்ந்தது என்று யோசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஊசியில் மிஞ்சும் ஆன்டிபயாடிக்கை நாங்கள் எங்கே ஊற்றினோம்? அந்தத் தொட்டியில். நோயாளியின் குழாய்வழி உணவில் மிச்சம், குளுக்கோஸ் பாட்டில் மிச்சம் எல்லாமும் அங்கேதான். சோறும் போட்டு மருந்தும் பழக்கியிருக்கிறோம், கட்டிலுக்கு இரண்டு அடி தள்ளி.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2017-ல் எழுதியிருந்தார்கள். வடிகாலின் வளைகுழாயில் ஒளிரும் ஈ.கோலையை விட்டு உணவும் கொடுத்தார்கள். அது குழாய்ச் சுவரில் படலமாக ஒட்டி நாளொன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே ஏறியது. வாய்த்துளைக்கு வந்தபின் குழாயைத் திறந்தால் தண்ணீர் தெறித்துச் சுற்றிலும் விழுந்தது. எங்களிடம் இப்போது மருந்துக்கும் மிச்ச உணவுக்கும் வேறு இடம், கை கழுவத் தனித் தொட்டி. குழாய் நீர் நேராகத் துளையில் விழாதபடி மாற்றிவிட்டார்கள். நாலு பேரில் இரண்டு பேர் வீடு திரும்பினார்கள்.

#16 அகார்த்தட்டு

சிஸ்டர், அந்தக் குச்சி எங்களைப் போன்ற ஒரு மேசைக்குத்தான் வந்திருக்கும். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா தனியாக மிதக்கும் அதே பாக்டீரியாவைவிடப் பல மடங்கு மருந்தைத் தாங்கும். பிசின் மாதிரியான உறைக்குள் பாதி உறக்கத்தில் இருக்கும், வளராத கிருமியை மருந்து பிடிப்பது கஷ்டம். ப்ளீச் ஊற்றினால் மேலே சாகும், ஒரு வாரத்தில் அடியிலிருந்து திரும்ப வரும். குழாயையே மாற்றியவர்களுக்கும் சில மாதத்தில் திரும்பி வந்திருக்கிறது.

#17 ஈரமண்

இதுவரை பேசியது எதிர்ப்பைப் பெற்றுக்கொண்ட கிருமிகள். பிறவியிலேயே எதிர்ப்போடு மண்ணில் இருக்கும் கிருமி ஒன்று என் அண்ணனைப் படுக்கையில் போட்டது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றை வாரிக் கொட்டினார். காலில் ஒரு சிராய்ப்பு. இரண்டு வாரத்தில் காய்ச்சல், இருமல், எடை குறைவு. எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்று மருந்து தொடங்கினார்கள், இன்னும் மோசமானது. ரத்தக் கல்ச்சரில் முதலில் 'ஏதோ சூடோமோனாஸ், வெளியிலிருந்து கலந்திருக்கலாம்' என்று வந்தது. இரண்டாவது தடவை எடுத்தபோதுதான் மெலியோய்டோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். நாங்கள் அந்தப் பெயரையே கேட்டதில்லை.

#18 அகார்த்தட்டு

அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்? எழுதுங்கள்.

அந்த நோயைத் தரும் பாக்டீரியாவின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலை. 1911-ல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் முதலில் அடையாளம் கண்டார். வெப்பமண்டலத்தில் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, மழைக்காலத்தில் நோயாளிகள் கூடுவார்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து பல மடங்கு. உலகில் வருடத்துக்கு 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016-ல் மதிப்பிட்டார்கள். பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு இயல்பிலேயே அடங்காது. குறிப்பிட்ட மருந்தை நரம்பில் ஏற்றி, அப்புறம் மூன்று மாதம் மாத்திரை. சரியான பெயர் தெரிந்தால் பிழைக்க வைக்கலாம், அதனால்தான் 'வெளியிலிருந்து கலந்தது' என்று ஒதுக்குவது எனக்குக் கோபம் வரும் விஷயம். எங்கள் மேசையில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே அந்தக் கிருமி தட்டில் கூட்டமாக வளர்ந்து சுருக்கம் விழுந்திருப்பதைப் படமாகக் காட்டுவேன்.

#19 ஈரமண்

நலமாக இருக்கிறார் அக்கா. மாத்திரை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது பூட்ஸ் இல்லாமல் மண்ணில் இறங்குவதில்லை.

#20 தூக்கணாங்குருவி

படிக்கப் படிக்கப் பயமாகிவிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இந்த எதிர்ப்புக் கிருமிகள் சாகுமா? இல்லை, அதையும் எதிர்க்குமா? வீட்டில் எல்லாவற்றுக்கும் கிருமிநாசினி ஊற்ற வேண்டுமா?

#21 அகார்த்தட்டு

சாகும். இதில் நிம்மதியாக இருக்கலாம். மருந்து எதிர்ப்பு வேறு, வெப்பத்தைத் தாங்குவது வேறு. அம்மாவின் ஈ.கோலையை ஒரு கொதி வந்த தண்ணீரில் விட்டால் மற்ற எந்த ஈ.கோலையையும் போலத்தான் அழியும். சரியான அளவு குளோரினும் கொல்லும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் எதிர்ப்புள்ளதும் இல்லாததும் சேர்ந்தே போகும். கிருமிநாசினி கலந்த சோப்பு வேண்டியதில்லை. டிரைக்ளோசான் உட்பட 19 பொருட்களைக் கை கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2016-ல் சொன்னார்கள், சாதாரண சோப்பைவிட மேல் என்று உற்பத்தியாளர்களால் காட்ட முடியவில்லை.

#22 கேள்விக்குறி

இவ்வளவு நேரம் எதிர்வாதம் செய்தவன் இன்னொன்று கேட்கிறேன். எல்லோரும் 'ஆன்டிபயாடிக்கைக் குறையுங்கள்' என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். இங்கே படித்ததைப் பார்த்தால் மலமும் தண்ணீரும் கலப்பதுதான் பெரிய வழியாகத் தெரிகிறதே?

#23 கசடுத்தொட்டி

இதைத்தான் எங்கள் துறையில் இருந்துகொண்டு கத்திக்கொண்டிருக்கிறேன். 2018-ல் 103 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. எந்த நாட்டில் எதிர்ப்பு அதிகம் என்பது ஆன்டிபயாடிக் பயன்பாட்டோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. சுகாதாரக் கட்டமைப்பு, நிர்வாகம் ஆகியவற்றோடுதான் பொருந்தியது. பயன்பாட்டைக் குறைக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. எதிர்ப்பு உருவாவதற்கு மருந்து போதும், வீடு வீடாகப் போக அதற்குத் தண்ணீர் வேண்டும், கை வேண்டும். 2010 செப்டம்பர், அக்டோபரில் டெல்லியில் தேங்கிய நீரை எடுத்துப் பார்த்தபோது 171 மாதிரிகளில் 51-ல் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. குழாய்நீர் மாதிரிகள் ஐம்பதில் இரண்டில் இருந்தது. கார்பபெனம் என்ற பெரிய மருந்தையே வெட்டும் நொதி அது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் தாங்கள் எந்த மருந்தைத் தவறாகச் சாப்பிட்டார்கள்?

2019-ல் மட்டும் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் நோயாளியைப் பார்த்து விரல் நீட்டுகிறார்கள். ஒரு கழிவுநீர்க் குழாயைப் பார்த்து நீட்டினதை நான் பார்த்ததில்லை.

#24 கேள்விக்குறி

சரி. என் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி.

#25 தூக்கணாங்குருவி

பத்து நாள் கழித்து வருகிறேன். அந்த ரிப்போர்ட்டில் எஸ் போட்டிருந்த ஐந்தில், 1950-களிலிருந்து புழக்கத்தில் உள்ள ஒரு பழைய மாத்திரையை டாக்டர் தேர்ந்தெடுத்தார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மூன்றாம் நாளே எரிச்சல் போய்விட்டது. நேற்று அம்மா இரவு முழுக்க எழுந்திருக்காமல் தூங்கினார்.

ஒரு சந்தேகம் பாக்கி. முதலில் கொடுத்து வேலை செய்யாத மாத்திரையில் நாலு மிச்சம் இருக்கிறது. அலமாரியில் தேடியபோது பழைய ஆன்டிபயாடிக் பட்டைகள் இன்னும் மூன்று, குழந்தைக்கு வாங்கிய சிரப் அரைப் பாட்டில். போன வருடம் இதே மாதிரி ஒரு சிரப்பைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக் கழுவிவிட்டேன். இரவுப்பணி சிஸ்டர் எழுதியதைப் படித்த அன்றிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இவற்றை என்ன செய்வது?

#26 இரவுப்பணி

அம்மா தேறியது சந்தோஷம். மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்தகம் பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மாத்திரைகளைப் பட்டையிலிருந்து எடுத்து, சிரப்பையும் சேர்த்து, மண் அல்லது பயன்படுத்திய காபித்தூளில் கலந்து, இறுக மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டியிலும் கழிப்பறையிலும் வேண்டாம். அடுத்த தடவைக்கு ஆகும் என்று எடுத்தும் வைக்காதீர்கள்.

#27 தூக்கணாங்குருவி

முதல் இரண்டு மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றார்கள், மூன்றாவதில் வாங்கிக்கொண்டார்கள். சிரப்பையும் சேர்த்து. அம்மாதான் கூட வந்தார், பாட்டிலை அவரே கவுண்டரில் வைத்தார்.